வழிவழியாக வந்த வேட்டைத் துப்பாக்கி: வின்செஸ்டர் 1894

வின்செஸ்டர் 1894 என்பது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள நியூ ஹேவன் நகரில் 1894 முதல் 2006 வரை தயாரிக்கப்பட்ட நெம்புகோல் வகை வேட்டைத் துப்பாக்கி ஆகும். இந்த ஒரு மாதிரியில் மட்டும் 70 லட்சத்துக்கும் அதிகமான துப்பாக்கிகள் செய்யப்பட்டன. அமெரிக்காவிலும் கனடாவிலும் தாத்தாவிடமிருந்து தந்தைக்கும், தந்தையிடமிருந்து பிள்ளைகளுக்கும் கைமாறி வரும் துப்பாக்கிகளில் மிகப் பரவலானவற்றுள் இதுவும் ஒன்று.

இப்படி வீட்டுக்கு வரும் துப்பாக்கியோடு பெரும்பாலும் ஒரு கதையும் சேர்ந்தே வருகிறது. கொள்ளுத்தாத்தா மேற்குப் புல்வெளிகளில் குடியேறியபோது இதைக் கொண்டு போனார் என்பது ஒரு வகைக் கதை. பூர்வகுடிகளோடு நடந்த போர்களில் இது பயன்பட்டது என்பது இன்னொரு வகை. துப்பாக்கியின் இரும்பிலும் மரத்திலும் பொறிக்கப்பட்டிருக்கும் குறிகளோ தனியாக ஒரு செய்தியைச் சொல்கின்றன. வாய்வழிக் கதையும் இரும்பின் சாட்சியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. நெம்புகோல் துப்பாக்கியின் வரலாறு தெரிந்தவர்களுக்கே இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும்.

நெம்புகோல் இயக்கம்

துப்பாக்கி ஒருமுறை சுட்டபின் மீண்டும் சுடுவதற்கு நான்கு வேலைகள் நடக்க வேண்டும். குழலின் பின்வாயைத் திறக்க வேண்டும். வெறும் தோட்டாக் கூட்டை வெளியே தள்ள வேண்டும். புதிய தோட்டாவை உள்ளே ஏற்ற வேண்டும். பின்வாயை மீண்டும் இறுக மூட வேண்டும். நெம்புகோல் துப்பாக்கியில் இந்த நான்கையும் ஒரே அசைவு செய்துவிடுகிறது. விசையைச் சுற்றி விரல்கள் நுழையும்படி அமைந்த இரும்பு வளையமே நெம்புகோல். அதைக் கீழே தள்ளினால் பழைய கூடு வெளியே விழுகிறது, பின்னால் உள்ள சுத்தியல் தயார் நிலைக்கு வருகிறது. மேலே இழுத்தால் புதிய தோட்டா குழலுக்குள் சென்று அமர்கிறது. கையைத் துப்பாக்கியிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

பெரும்பாலான நெம்புகோல் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் செல்லும் ஒரு நீண்ட குழாயில், ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் படுத்திருக்கும். ஒரு சுருள்வில் அவற்றைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். இந்த அமைப்பு துப்பாக்கியை ஒல்லியாக வைத்திருந்தது. ஆனால், பின்னர் சொல்லப்படும் ஓர் ஆபத்துக்கும் இதுவே காரணமாயிற்று.

ஹன்ட் முதல் ஹென்றி வரை

நியூயார்க்கைச் சேர்ந்த வால்டர் ஹன்ட் 1849-இல் காப்புரிமை பெற்ற தொடர்சுடு துப்பாக்கியிலிருந்து இந்த வரலாறு தொடங்குகிறது. அதன் குண்டின் பின்புறம் குடையப்பட்டு, வெடிமருந்து அந்தக் குழிக்குள்ளேயே அடைக்கப்பட்டிருந்தது. கருத்து புதியது என்றாலும் கருவி சிக்கலானது. அதன் உரிமை சிலரிடம் கைமாறி, ஹோரஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் ஆகிய இருவரிடம் வந்தது. பின்னாளில் கைத்துப்பாக்கிகளால் புகழ்பெற்ற அதே இணைதான் இது. அவர்கள் அமைத்த தொழில் 1855-இல் வல்கானிக் என்ற பெயரில் நிறுவனமாயிற்று. குண்டுக்குள் அடைத்த மருந்து மிகக் குறைவாக இருந்ததால் அதன் துப்பாக்கிகளுக்கு வலிமை போதவில்லை, நிறுவனம் நொடித்தது.

அதில் பணம் போட்டிருந்தவர்களில் ஒருவர் ஆலிவர் வின்செஸ்டர். அவருடைய தொழில் துப்பாக்கி அல்ல, ஆண்களுக்கான சட்டை தயாரிப்பு. நொடித்த நிறுவனத்தை அவர் 1857-இல் நியூ ஹேவன் ஆர்ம்ஸ் என்ற பெயரில் மீட்டெடுத்து, பெஞ்சமின் டைலர் ஹென்றி என்ற கைதேர்ந்த வினைஞரைப் பொறுப்பில் அமர்த்தினார். ஹென்றி குண்டு, மருந்து, வெடிக்கும் பொருள் மூன்றையும் ஓர் உலோகக் கூட்டுக்குள் அடைத்த .44 அங்குலத் தோட்டாவை உருவாக்கி, அதற்கேற்ப துப்பாக்கியையும் மாற்றி அமைத்தார். 1860 அக்டோபரில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் பெரும்பாலான வீரர்கள் ஒவ்வொரு முறையும் குழலின் முன்வாய் வழியாக மருந்தும் குண்டும் இடித்துச் சுட்டுக்கொண்டிருந்தனர். ஹென்றி ரைபிளோ குழாயில் 16 தோட்டாக்களைத் தாங்கியது. எனினும் 1866 வரை சுமார் 14,000 மட்டுமே செய்யப்பட்டன. அதில் குறைகளும் இருந்தன. தோட்டாக் குழாயின் அடியில் நீளவாக்கில் திறந்த பிளவு இருந்ததால் மண்ணும் தூசும் புகுந்தன. குழலைப் பிடிக்க மரக்கைப்பிடி இல்லாததால் தொடர்ந்து சுட்டால் கை சுட்டது.

1866, 1873 மாதிரிகள்

இந்தக் குறைகளைத் தீர்த்து 1866-இல் வந்த துப்பாக்கியே வின்செஸ்டர் பெயரைத் தாங்கிய முதல் மாதிரி. நெல்சன் கிங் என்பவர் வடிவமைத்தபடி, நடுப்பெட்டியின் வலப்பக்கம் வில்லால் மூடிய சிறு வாசல் ஒன்று அமைக்கப்பட்டது. தோட்டாக்களை அதன் வழியே உள்ளே தள்ளலாம். குழாய் முற்றிலும் மூடப்பட்டது. முன்புறம் மரக்கைப்பிடியும் வந்தது. பித்தளை நிறத்தில் மின்னிய நடுப்பெட்டியால் இதற்கு ‘மஞ்சள் பையன்’ என்ற செல்லப்பெயர் ஏற்பட்டது. இன்றைய நெம்புகோல் துப்பாக்கிகளிலும் காணப்படும் பக்கவாசல் இந்த 1866-ஆம் ஆண்டு ஏற்பாட்டின் தொடர்ச்சியே.

1873-ஆம் ஆண்டு மாதிரி இரும்பு நடுப்பெட்டியோடும் .44-40 என்ற வலிமை கூடிய தோட்டாவோடும் வந்தது. சில ஆண்டுகளில் கோல்ட் நிறுவனமும் அதே தோட்டாவுக்கு ஏற்ற கைத்துப்பாக்கியைச் செய்தது. இடுப்புத் துப்பாக்கிக்கும் ரைபிளுக்கும் ஒரே தோட்டா போதும் என்பது, கடைகள் அரிதாக இருந்த ஊர்களில் பெரிய வசதியாக இருந்தது. 1873 மாதிரி ஏறத்தாழ 7,20,000 செய்யப்பட்டது.

லிட்டில் பிக்ஹார்ன்: கூடுகள் சொன்ன சாட்சி

துப்பாக்கி பற்றிய கதைகளை உலோகச் சான்று எப்படிச் சரிபார்க்கும் என்பதற்கு மொன்டானாவிலுள்ள லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களம் நல்ல எடுத்துக்காட்டு. 1876 ஜூன் 25 அன்று அங்கே லகோட்டா, வட செயன், அரபஹோ மக்களின் போர்வீரர்கள் ஜார்ஜ் கஸ்டர் தலைமையில் வந்த குதிரைப்படைப் பிரிவை அடியோடு வீழ்த்தினர். 1983-இல் புல்வெளித் தீ அந்த நிலத்தை வெறுமையாக்கியதை அடுத்து, 1984 முதல் தொல்லியலாளர்கள் உலோகம் கண்டறியும் கருவிகளோடு களத்தை அடி அடியாக ஆய்ந்தனர்.

துப்பாக்கியின் வெடிமுள் தோட்டாக் கூட்டில் விட்டுச்செல்லும் தடம் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வேறுபடும். கைரேகையை ஒப்பிடுவதுபோல் அந்தத் தடங்களை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கெங்கே நகர்ந்து சுட்டது என்பதை அவர்கள் கண்டறிந்தனர். பூர்வகுடி வீரர்களிடம் ஹென்றி, வின்செஸ்டர் உள்ளிட்ட தொடர்சுடு துப்பாக்கிகள் கணிசமாக இருந்தன என்பதும், கஸ்டரின் படையிடம் ஒற்றைக் குண்டு ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிகளே இருந்தன என்பதும் இதனால் உறுதியாயின.

வின்செஸ்டர், ‘மேற்கை வென்ற துப்பாக்கி’ என்ற விளம்பர வாசகத்தால் அறியப்பட்டது. அந்த வாசகம் எல்லைப்புறக் காலம் முடிந்தபின் 20-ஆம் நூற்றாண்டில் பரப்பப்பட்டது. லிட்டில் பிக்ஹார்னில் அதே துப்பாக்கி தங்கள் நிலத்தைக் காத்து நின்றவர்களின் கையில் இருந்தது. புல்வெளிகளில் காட்டெருமைக் கூட்டங்களை அழித்தொழித்த வணிக வேட்டைக்காரர்கள் பெரிதும் நம்பியதும் நெம்புகோல் துப்பாக்கியை அல்ல. ஷார்ப்ஸ் போன்ற கனமான ஒற்றைக் குண்டு ரைபிள்களைத்தான். 1860-70களின் நெம்புகோல் துப்பாக்கிகள் எடுத்துக்கொண்ட தோட்டாக்கள் அவ்வளவு பெரிய விலங்கைத் தொலைவிலிருந்து வீழ்த்தப் போதுமானவை அல்ல.

பிரௌனிங்கும் புகையிலா வெடிமருந்தும்

இந்த வலிமைக் குறைவுக்குக் காரணம் உள்ளமைப்பில் இருந்தது. 1873 வரையிலான மாதிரிகளில் பின்வாயை அடைத்து நின்றது முழங்கால் மூட்டுப்போல் மடங்கும் ஓர் இணைப்பு. பெரிய தோட்டாவின் அழுத்தத்தை அது தாங்காது. யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரில் துப்பாக்கி செய்யும் குடும்பத்தில் பிறந்த ஜான் மோசஸ் பிரௌனிங் இதற்குத் தீர்வு கண்டார். ஆலிவர் வின்செஸ்டரின் மருமகன் தாமஸ் பென்னட் 1883-இல் ஆக்டனுக்கே நேரில் சென்று, பிரௌனிங்கின் ஒற்றைக் குண்டு ரைபிளின் உரிமையை 8,000 டாலருக்கு வாங்கினார். அந்தச் சந்திப்பிலிருந்து சுமார் இருபதாண்டு உறவு தொடங்கியது.

பிரௌனிங் வடிவமைத்த 1886 மாதிரியில், செங்குத்தாக மேலெழும் எஃகுக் கட்டைகள் பின்வாயைப் பூட்டின. கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது போன்ற ஏற்பாடு இது. அதே கருத்தை எளிமையாக்கி அவர் அமைத்த ரைபிளுக்கு 1894 ஆகஸ்டில் காப்புரிமை கிடைத்தது. இதில் ஒரே பூட்டுக்கட்டை பூட்டடைப்பானின் பின்னால் எழுந்து நிற்கிறது. நெம்புகோலைத் திறக்கும்போது நடுப்பெட்டியின் அடித்தகடும் சேர்ந்து கீழிறங்குவது 1894 மாதிரியை அடையாளம் காண உதவும் எளிய குறி.

அதே காலத்தில் வெடிமருந்தும் மாறிக்கொண்டிருந்தது. பிரான்சில் பால் வியே 1884-இல் புகையிலா வெடிமருந்தைக் கண்டுபிடித்திருந்தார். பழைய கருமருந்து அடர்ந்த வெண்புகையைக் கிளப்பும். குழலில் கரிப்படிவத்தை விடும். புதிய மருந்து குறைந்த அளவிலேயே அதிக வேகத்தைத் தந்தது. கூடவே அழுத்தமும் கூடியதால் குழலுக்கு வலிய எஃகு தேவைப்பட்டது. 1894 மாதிரி முதலில் .32-40, .38-55 ஆகிய கருமருந்துத் தோட்டாக்களுக்கே விற்கப்பட்டது. 1895-இல் நிக்கல் எஃகுக் குழலோடு .30 விண்செஸ்டர் தோட்டா வந்தது. அமெரிக்காவில் புகையிலா மருந்துக்கென்றே வந்த முதல் வேட்டைத் தோட்டாக்களில் ஒன்று இது.

இது பின்னர் .30-30 என்ற பெயரால் புகழ்பெற்றது. முதல் 30 குழலின் விட்டத்தைக் குறிக்கிறது, அதாவது ஓர் அங்குலத்தில் நூற்றில் 30 பங்கு. இரண்டாவது 30 தொடக்க காலத்தில் இட்ட மருந்தின் எடை. 30 கிரெயின், ஏறத்தாழ 2 கிராம். இன்று வழக்கமாக விற்கப்படும் தோட்டாவில் 11 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்குச் சுமார் 670 மீட்டர் வேகத்தில் குழலைவிட்டுப் புறப்படுகிறது.

மான் காட்டின் துப்பாக்கி

1894 மாதிரி பிறந்தபோது, அது யாருக்காக விளம்பரப்படுத்தப்பட்டதோ அந்த எல்லைப்புறம் மறைந்துவிட்டிருந்தது. எல்லைப்புறம் என்று தனியே கோடு போட்டுக் காட்ட இனி நிலம் இல்லை என்று 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவித்திருந்தது. ஆகவே இந்தத் துப்பாக்கியின் உண்மையான வாழ்வு போர்க்களத்தில் நடக்கவில்லை. பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், மெய்ன் போன்ற மாநிலங்களின் மான் காடுகளில் நடந்தது. குட்டைக் குழல் கொண்ட வகை மூன்று கிலோ அளவே எடையுள்ளது. பக்கவாட்டில் ஒல்லியாக இருப்பதால் புதர்களுக்குள் இடிபடாது. அந்தக் காடுகளில் மான் பெரும்பாலும் நூறு மீட்டருக்குள்தான் கண்ணில் படும், அந்தத் தொலைவுக்கு.30-30 போதுமானதாக இருந்தது.

அந்தக் காலத்தில் மானின் நிலையும் நல்லதாக இல்லை. கட்டுப்பாடற்ற வணிக வேட்டையாலும் காடழிப்பாலும் 1900 வாக்கில் அமெரிக்காவில் வெள்வால் மான்கள் சில லட்சங்களாகக் குறைந்துவிட்டன. 1900-இல் வந்த லேசி சட்டம், சட்டத்துக்குப் புறம்பாகக் கொன்ற விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதைத் தடுத்தது. மாநிலங்கள் வேட்டைக்குப் பருவமும் எண்ணிக்கையும் விதித்தன. 1937-ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கென ஒதுக்கியது. இன்று நீண்ட துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் அந்த வரி 11 சதவீதம். வெள்வால் மான்களின் எண்ணிக்கை மீண்டும் கோடிக்கணக்கில் உயர்ந்தது.

இந்த மீட்சிக் காலத்தில்தான் ஆண்டுக்கொருமுறை வரும் மான் பருவம் கிராமப்புறக் குடும்பங்களின் சடங்காக மாறியது. பென்சில்வேனியாவில் பருவம் தொடங்கும் நாளையொட்டிப் பல ஊர்களில் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் வழக்கம் உண்டு. தந்தையின் முப்பது-முப்பதை முதன்முதலாகக் கையில் வாங்கிக்கொண்டு காட்டுக்குப் போவது பிள்ளை வளர்ந்துவிட்டதற்கான அடையாளமாகக் கருதப்பட்டது. அதனாலேயே இது விற்கப்படாமல், வழிவழியாகக் கொடுக்கப்பட்டது.

குறிகளைப் படித்தல்

வழிவழி வந்த துப்பாக்கியை அறிந்துகொள்ள முதலில் பார்க்க வேண்டியது வரிசை எண். 1894 மாதிரியில் அது நடுப்பெட்டியின் அடிப்பக்கத்தில், முன்பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். சில எண்களின் காலம் பொதுப்பதிவில் உறுதியாக உள்ளது. பத்து லட்சமாவது துப்பாக்கி 1927-இல் குடியரசுத் தலைவர் கால்வின் கூலிட்ஜுக்கும், பதினைந்து லட்சமாவது 1948-இல் ஹாரி ட்ரூமனுக்கும், இருபது லட்சமாவது 1953-இல் டுவைட் ஐசனோவருக்கும் பரிசளிக்கப்பட்டன. இவற்றை மைல்கற்களாகக் கொண்டால், 12 லட்சத்தில் தொடங்கும் எண்ணுள்ள துப்பாக்கி 1927-க்கும் 1948-க்கும் இடைப்பட்டது என்று உடனே சொல்லிவிடலாம். ஆண்டுவாரியான பட்டியல்களும் கிடைக்கின்றன. ஆனால் பழைய பட்டியல்களுக்கும் தொழிற்சாலைக் குறிப்பேடுகளுக்கும் இடையே சில ஆண்டு வேறுபாடு உண்டு. வயோமிங் மாநிலத்தின் கோடி நகரிலுள்ள துப்பாக்கி அருங்காட்சியகம் தொடக்ககால வின்செஸ்டர் குறிப்பேடுகளைக் காத்துவருகிறது. எண் அந்த ஏடுகளில் இருந்தால், துப்பாக்கி எந்த வடிவில், என்று தொழிற்சாலையை விட்டுச் சென்றது என்பதற்குச் சான்றுக் கடிதம் பெறலாம்.

அடுத்தது குழலின் எழுத்துகள். புகையிலா மருந்துக்கென நிக்கல் எஃகில் செய்தது என்ற வாசகம் இருந்தால் அது பழைய குழல். முட்டை வடிவக் கட்டத்துக்குள் இணைந்த இரண்டு எழுத்துகளாலான சோதனை முத்திரை 1905 முதல் இடப்பட்டது. மாதிரியின் பெயர் தொடக்கத்தில் 1894 என முழுதாகவும், முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளிலிருந்து 94 எனச் சுருக்கமாகவும் பொறிக்கப்பட்டது. 26 அங்குலக் குழலும் பிறைபோல் வளைந்த அடித்தகடும் இருந்தால் அது ரைபிள் வகை. 20 அங்குலக் குழலும், நடுப்பெட்டியின் இடப்பக்கம் சேணத்தில் மாட்ட ஒரு வளையமும் இருந்தால் அது பழைய கார்பைன் வகை. அந்த வளையம் 1920களில் கைவிடப்பட்டது.

சில முத்திரைகள் எதிர்பாராத செய்தியைத் தருகின்றன. முதல் உலகப் போரின்போது விமானம் செய்வதற்கான ஸ்ப்ரூஸ் மரத்தை வெட்டிய பசிபிக் வடமேற்குக் காடுகளைக் காக்க அமெரிக்க இராணுவம் 1894 மாதிரியில் 1,800 துப்பாக்கிகளை வாங்கி, தன் முத்திரையை இட்டது. இரண்டாம் உலகப் போரில் கனடாவின் மேற்குக் கரையைக் காத்த பசிபிக் கரையோரக் காவல் படையின் துப்பாக்கிகளில் ஆங்கில ‘சி’ எழுத்துக்குள் அம்புக்குறி இருக்கும். மரம்வெட்டிகளும் மீனவர்களும் நிறைந்த தன்னார்வப் படை அது.

நடுப்பெட்டியில் வின்செஸ்டர் என்ற பெயரே இல்லாமலும் போகலாம். சியர்ஸ் கடைகள் பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸின் பெயரில் விற்ற 100-ஆம் மாதிரி, உண்மையில் இதே 94 தான். வின்செஸ்டர் என்று நினைத்துக்கொண்டிருந்த துப்பாக்கி வேறாக இருப்பதும் உண்டு. மார்லின் துப்பாக்கியில் மேற்புறம் மூடியிருக்கும். வெறும் கூடு பக்கவாட்டில் விழும். சாவேஜ் 1899 மாதிரியில் வெளியே தெரியும் சுத்தியலே இல்லை. தோட்டாக்கள் குழாயில் அல்லாமல் உள்ளே சுழலும் உருளையில் அமர்ந்திருக்கும்.

1964 என்ற எல்லைக்கோடு

சேகரிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்வி, துப்பாக்கி 1964-க்கு முந்தியதா, பிந்தியதா என்பது. அந்த ஆண்டு வரை முக்கியப் பாகங்கள் எஃகைக் கடைந்து செய்யப்பட்டன. கூலியும் செலவும் உயர்ந்ததால் 1964-இல் நிறுவனம் தயாரிப்பு முறையை மாற்றியது. தகட்டை அழுத்தி வெட்டிய பாகங்களும் சுருட்டிய ஊசிகளும் இடம்பிடித்தன. நடுப்பெட்டியின் உலோகக் கலவையும் மாறியதால், வழக்கமான நீலப்பூச்சு அதில் சரியாகப் பிடிப்பதில்லை. வரிசை எண் சுமார் 27 லட்சத்தைத் தாண்டியவை இந்தப் புதிய முறையில் வந்தவை.

பிந்தியவை சுடுவதில் குறைந்தவை என்று இதற்குப் பொருள் இல்லை. எத்தனையோ குடும்பங்களின் முதல் மான் அவற்றால்தான் கிடைத்தது. ஆயினும் விலையில் வேறுபாடு பெரிது. 1960கள் முதல் வெளிவந்த நினைவுப் பதிப்புகளும் இதுபோலத்தான். பொன்முலாமும் பதக்கமும் கொண்டிருந்தாலும், ‘பஃபலோ பில்’ போன்ற பதிப்புகள் ஒரு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டதால் அவை அரியவை அல்ல.

குடும்பக் கதையும் சான்றும்

இந்தக் குறிகளை வைத்துப் பார்க்கும்போது சில கதைகள் நிற்பதில்லை. 1890 டிசம்பரில் நடந்த வூண்டட் நீ படுகொலையோடு புல்வெளிகளில் பூர்வகுடிகள் மீதான பெரும் போர்கள் முடிந்தன. 1894 மாதிரி அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பிறகே வந்தது. ஆகவே கஸ்டர் காலத்துப் போரில் இந்தத் துப்பாக்கி இருந்திருக்க முடியாது. திரைப்படங்களும் இந்தக் குழப்பத்தை வளர்த்தன. 1860-70களில் நடப்பதாகக் காட்டும் பல படங்களில் நடிகர்கள் கையில் இருப்பது 1892 அல்லது 1894 மாதிரியே. ஜான் வேய்ன் பெரிய வளையத்தோடு சுழற்றும் புகழ்பெற்ற துப்பாக்கியும் 1892 மாதிரிதான்.

கதை பொய்யானது என்பதால் குடும்பத்துக்கு வரலாறு இல்லாமல் போவதில்லை. 1894 மாதிரியின் எடை சமநிலைப்படும் இடம் நடுப்பெட்டியின் அடிப்பகுதி. வேட்டைக்காரர்கள் அங்கேதான் ஒரு கையால் பிடித்து நடப்பார்கள். பல பருவங்கள் காட்டுக்குப் போன துப்பாக்கியில் அந்த இடத்தில் நீலப்பூச்சு தேய்ந்து வெள்ளி நிறம் தெரியும். கைப்பிடி மரத்தில் உள்ள கீறல்கள், உள்ளங்கை வியர்வையால் கறுத்த பகுதி, யாரோ கத்தியால் செதுக்கிய முதலெழுத்து, மழையில் நனைந்த துருப்புள்ளி ஆகியவையும் சான்றுகளே. ஒரு போரிலும் கலந்துகொள்ளாத கொள்ளுத்தாத்தா, நாற்பது இலையுதிர்காலங்களில் வீட்டுக்கு இறைச்சி கொண்டுவந்தார் என்பதை அந்தத் தேய்மானம் சொல்லக்கூடும்.

துப்பாக்கியைப் புதிதுபோல் ஆக்க நினைத்து உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதும், மீண்டும் நீலப்பூச்சு ஏற்றுவதும் இந்தச் சான்றுகளை அழித்துவிடும். முத்திரைகளின் விளிம்பு மழுங்கும். சேகரிப்பு மதிப்பும் பெரிதும் குறையும். மெல்லிய எண்ணெய் தடவித் துடைத்து, ஈரமில்லாத இடத்தில் வைப்பதே போதுமானது. தோலுறையில் நெடுநாள் வைத்தால் அது ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்கும்.

கையாளும் முன்

பழைய துப்பாக்கி வெறுமையாக இருக்கும் என்று நம்புவது ஆபத்தானது. குழாயில் வரிசையாக இருக்கும் தோட்டாக்கள் வெளியே தெரியா. கடைசியாக வேட்டைக்குப் போனவர் இறந்து பல ஆண்டுகள் ஆகியும், அவர் ஏற்றிய தோட்டா உள்ளேயே இருக்கலாம். எனவே அனுபவமுள்ள துப்பாக்கி வினைஞரிடம் கொடுத்து, வெறுமையாக்கிச் சோதித்த பிறகே வேறு எதையும் செய்ய வேண்டும்.

பழைய 94-இல் தனியான பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. சுத்தியலைப் பாதி தூரத்தில் நிறுத்தும் பள்ளமே அதன் பாதுகாப்பு. அந்தப் பள்ளம் தேய்ந்திருந்தால் துப்பாக்கி தானே வெடிக்கக்கூடும். நெம்புகோலை முழுமையாக இறுக்கினாலொழிய விசை இயங்காதபடி தடுக்கும் அமைப்பும் உண்டு. அதுவும் காலப்போக்கில் தேயும். குறுக்குப் பொத்தான் வடிவில் பாதுகாப்புப் பூட்டு 1990களில்தான் சேர்க்கப்பட்டது.

தோட்டாத் தேர்விலும் கவனம் வேண்டும். குழாய்க்குள் ஒரு தோட்டாவின் முனை அதற்கு முன்னுள்ள தோட்டாவின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். அங்கேதான் வெடிமூடி உள்ளது. முனை கூராக இருந்தால், சுடும் அதிர்ச்சியில் அது வெடிமூடியைக் குத்திக் குழாயே வெடிக்கலாம். இதனால்தான் .30-30 குண்டுகளின் முனை தட்டையாகச் செய்யப்படுகிறது. மென்மையான நெகிழி முனை கொண்ட கூர்குண்டுகள் 21-ஆம் நூற்றாண்டில்தான் வந்தன. .32 ஸ்பெஷல், .30-30 ஆகிய இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பவை. பெட்டியில் கலந்து கிடக்கும் பழைய தோட்டாவை நம்பாமல், குழலில் பொறித்த அளவையே பார்க்க வேண்டும்.

சட்ட நிலை

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம், பொதுவாக மாநில எல்லை தாண்டித் துப்பாக்கியைக் கைமாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. எனினும் உயில் மூலமோ வாரிசுரிமை மூலமோ வருவதற்கு விலக்கு அளிக்கிறது. துப்பாக்கி வைத்திருக்கத் தடைசெய்யப்பட்டவர் வாரிசாக இருந்தாலும் அதைப் பெற முடியாது. மாநிலச் சட்டங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. சில மாநிலங்களில் பதிவும் சோதனையும் கட்டாயம். 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டவை கூட்டாட்சிச் சட்டப்படி தொல்பொருள் வகையில் சேர்வதால், முதல் சில ஆண்டுகளின் 1894 மாதிரிகளுக்கு வரிசை எண் சட்ட முக்கியத்துவமும் பெறுகிறது. கனடாவில் நெம்புகோல் வேட்டைத் துப்பாக்கியை மரபுரிமையாகப் பெறுபவருக்கும் உரிமம் தேவை.

பிற்காலம்

வின்செஸ்டர் நிறுவனம் 1931-இல் நொடித்து ஆலின் குடும்பத்தின் கைக்குச் சென்றது. 1981-இல் மீண்டும் கைமாறியது. வெறும் கூட்டை நேர் மேலே எறியும் பழைய அமைப்பால் தொலைநோக்கிக் குறிக்கருவியைப் பொருத்த முடியவில்லை. 1980களின் தொடக்கத்தில் கூடு சாய்வாக விழும்படி மாற்றப்பட்டது. ஆனால் நெடுந்தொலைவு சுடும் போல்ட் வகை ரைபிள்களின் போட்டி கூடிவந்தது. 2006-இல் நியூ ஹேவன் தொழிற்சாலை மூடப்பட்டபோது 1894 மாதிரியின் 112 ஆண்டுத் தயாரிப்பும் அங்கே முடிந்தது. 2010 முதல் ஜப்பானின் மிரோகு நிறுவனம் இதே பெயரில் மீண்டும் செய்து வருகிறது.

தொழிற்சாலை மூடப்பட்டாலும் அங்கே செய்தவற்றில் பெரும்பகுதி இன்னும் வீடுகளில் இருக்கிறது. அவற்றோடு வரும் கதையை எழுதி வைப்பது, வரிசை எண்ணையும் முத்திரைகளையும் படமெடுத்து வைப்பது, யார் எந்தக் காட்டில் எந்த ஆண்டுகளில் பயன்படுத்தினார் என்று முதியவர்களிடம் கேட்டுக் குறித்து வைப்பது ஆகிய மூன்றும் செய்தால், அடுத்துப் பெறுபவர் கையில் துப்பாக்கியோடு சரிபார்த்த வரலாறும் சேர்ந்து போகும்.